1930 ஃபோர்டு மாடல் ஏ: கூரைத் துணியை மாற்றலாமா, தகடு வைத்துவிடலாமா?

செட்டிநாட்டு_ஃபோர்டு (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். கொட்டகையில் நிற்கும் 1930 மாடல் ஏ டியூடரின் (இரண்டு கதவு வைத்த மூடிய கார்) கூரை பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. எஞ்சின், பிரேக், ஒயரிங் எல்லாம் முடித்தாயிற்று. கூரைதான் பாக்கி.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே முழுத் தகடு கிடையாது. நான்கு பக்கமும் இரும்பு, நடுவில் பெரிய திறப்பு, அதை மூடியிருப்பது கறுப்புத் துணி. அந்தத் துணி வெடித்து, முன்பு யாரோ அதன் மேல் தாரைக் காய்ச்சிப் பூசியிருக்கிறார்கள். இப்போது தாரும் வெடித்துவிட்டது. மழை வந்தால் பின் சீட்டில் சொட்டுகிறது. உள்ளிருந்து கையால் அழுத்தினால் ஒரு குறுக்குச் சட்டம் மெத்தென்று அமுங்குகிறது.

ஊரில் டிங்கர் வேலை செய்பவர், "துணியைத் தூக்கிப் போடுங்க, தகடு வெட்டி வெல்டிங் வச்சு பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா ஆயுசுக்கும் தொல்லை இல்லை" என்கிறார். சீட் கவர் கடைக்காரர், கீழே ஸ்பாஞ்ச் வைத்து மேலே சீட் ரெக்ஸினையே ஒட்டிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார். இரண்டுமே எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

திருச்சி_டீசல்

டிங்கர் சொல்வதில் என்ன தப்பு? துணி எப்படிப் போட்டாலும் நம் வெயிலுக்குச் சில வருடங்கள்தான். தகடு போட்டால் மேலே ஏறி நிற்கலாம். போட்டிக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா என்ன? வீட்டு வண்டி. ஒழுகாமல் இருந்தால் போதும்.

பழசு_பிரியன் (சென்னை)

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பழைய துணி இருக்கும்வரை கூரைப் பக்கம் வெல்டிங், கட்டிங், கேஸ் விளக்கு எதுவும் வேண்டாம். அந்தக் காலத்துக் கூரைத் துணிகளிலும் ரெக்ஸினிலும் பூச்சாக இருந்தது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ். இளக்கத்துக்கு விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். பழைய சினிமா பிலிம் எதனால் பற்றி எரிந்ததோ அதே சரக்கு. அதன் கீழே காய்ந்த பஞ்சு, காய்ந்த மரம். உங்கள் வண்டியில் மேலே தார் வேறு. ஒரு பொறி விழுந்தால் வண்டி மட்டுமல்ல, கொட்டகையும் போய்விடும்.

அடுத்தது, ஃபோர்டு ஏன் துணி போட்டது என்பது. காசு மிச்சம் பிடிக்க என்று பலர் நினைக்கிறார்கள், காரணம் அது மட்டும் அல்ல. 1920களின் உருட்டாலைகளில் காரின் கூரை அளவுக்கு அகலமான நல்ல தகடு எளிதில் வராது. வந்தாலும் அதை ஒரே அழுத்தில் கூரையாக வளைக்கும் பெரிய பிரஸ் வேண்டும். அதனால் கிட்டத்தட்ட எல்லா மூடிய கார்களுக்கும் நடுவில் துணிதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் 'டரெட் டாப்' என்று பெயர் வைத்து முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தபோது அதை ஒரு பெரிய அதிசயமாக விளம்பரம் செய்தார்கள். ஃபோர்டு கார்களுக்கு அது 1937-இல்தான் வந்தது. 48 லட்சம் மாடல் ஏ வண்டிகள் செய்தார்கள், அவற்றில் மூடிய கார்கள் துணிக் கூரையோடுதான் தெருவுக்கு வந்தன.

திருச்சி_டீசல்

நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1937-இல் ஃபோர்டே தகட்டுக்கு மாறிவிட்டது. அவர்கள் செய்தால் முன்னேற்றம், நம் டிங்கர் செய்தால் பாவமா?

வின்சர்வாசி (கனடா)

நல்ல கேள்விதான். 1937 கூரை பிரஸ்ஸில் அடித்த கூரை. முன்பின்னாகவும் வளைவு, பக்கவாட்டிலும் வளைவு. இரண்டு பக்கமும் வளைந்திருப்பதால்தான் தகடு விறைப்பாக நிற்கிறது. உங்கள் டிங்கர் வைக்கப்போவது கிட்டத்தட்டத் தட்டையான ஒரு தகடு. நாலு சிலிண்டர் எஞ்சின் அதிர அதிர அது மத்தளமாக அடிக்கும், உள்ளே பேச முடியாது. மெல்லிய தகட்டைச் சுற்றிலும் வெல்டு வைத்தால் சூட்டில் நெளியும், நெளிவை மறைக்கப் பட்டி, பட்டிக்கு மேல் பெயின்ட். மாடல் ஏயின் சட்டகம் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொடுக்கிற ரகம். முறுக்கம் எல்லாம் கூரையின் நாலு மூலைக்கு வரும், அங்கேதான் பட்டி முதலில் விரியும். விரிந்த இடத்தில் நீர் இறங்கினால் வெளியே தெரியாது, உள்ளே துருப் பிடிக்கும். துணி கெட்டால் கழற்றலாம். வெல்டு வைத்ததைக் கழற்ற விளிம்பையே அறுக்க வேண்டும்.

காரைக்குடிக்காரருக்கு ஒரு செய்தி. உங்கள் வண்டி வலப்பக்க ஸ்டீயரிங் என்றால் அது அநேகமாக நான் இப்போது உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்து பெட்டியில் வந்ததுதான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்கு கனடா ஃபோர்டுதான் வண்டி அனுப்பியது. 1926-இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு கம்பெனியும் கனடா ஃபோர்டின் கிளைதான். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெட்டியைப் பிரித்துப் பூட்டினார்கள்.

இனி கூரையின் அடுக்குகள், கீழிருந்து மேலாக. உள்பக்கத் துணி. அதற்கு மேல் மரக் குறுக்குச் சட்டங்கள், ஓரங்களில் நீளச் சட்டங்கள். அதற்கு மேல் ரீப்பர்கள் அல்லது கோழி வலை, சில வண்டிகளில் இரண்டும். பிறகு சாக்கு அல்லது காடா. பிறகு பஞ்சு. கடைசியாக வெளித்துணி. சுற்றிலும் ஆணி, ஆணியை மறைக்க நாடா போல ஒரு பட்டி (டிங்கர் பூசும் பட்டி வேறு). உடலை ஃபோர்டே செய்ததா, ஃபோர்டுக்கு உடல் செய்துகொடுத்த பிரிக்ஸ், மர்ரே கம்பெனிகள் செய்தனவா என்பதைப் பொறுத்து விவரம் கொஞ்சம் மாறும். ஆகையால் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. பிரிக்கும்போது அடுக்கடுக்காகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குஷன்கடை_உக்கடம் (கோவை)

வணக்கம் செட்டிநாட்டு அண்ணா. எங்கள் பட்டறையில் ஜீப் ஹூட்தான் அதிகம், ஆனால் இந்த மாதிரிக் கூரைகளும் வந்திருக்கின்றன. நேரில் பார்க்காமல் சொல்வதில் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

துணிக்கு முன்னால் மரம். கூரை ஒழுகுகிறது என்று வருபவர்கள் எல்லோரும் துணியைப் பற்றித்தான் பேசுவார்கள். துணி ஒரு நாளில் ஏறிவிடும். அதைப் பிடித்து நிற்பது ஆணி, ஆணியைப் பிடிப்பது மரம். மரம் உளுத்திருந்தால் எந்த ஊர்த் துணி போட்டாலும் ஒரே மழைக்காலத்தில் ஆணி கழன்று ஓரம் தூக்கிவிடும். ஆகவே பழையதை முழுசாகப் பிரியுங்கள். கிழித்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஆணியாக நெம்பி எடுத்து, துணியை ஒரே துண்டாகக் கழற்றிப் பாய் போலச் சுருட்டி வையுங்கள். அதுதான் உங்கள் அளவு. எந்த மூலையில் எத்தனை மடிப்பு, எவ்வளவு துணி கீழே இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மரத்தைச் சோதிக்க ஒரு கூரான குத்தூசி போதும். நல்ல மரத்தில் முனை மட்டும் இறங்கும். கெட்ட மரத்தில் பாதி ஊசி போய்விடும். ஓரச் சட்டங்களில் பழைய ஆணி ஓட்டை வரிசையாக இருக்கும், அந்தக் கோட்டில் இன்னும் பிடிமானம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை மட்டும் பெரிதாகியிருந்தால் மூங்கில் குச்சியில் மரப்பசை தொட்டு அடித்து நிரப்பிவிடலாம். சட்டமே பொடியாக உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது எல்லாச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதை வைத்து முடுக்கிய பிறகு அடுத்தது. கதவுகள் சாத்தியிருக்கட்டும். இல்லையென்றால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து கதவு பூட்டாமல் போகும். இன்னொன்று, குறுக்குச் சட்டத்தின் மேல் பக்கம் நேராக இருக்காது, நடுவில் லேசாக எழும்பியிருக்கும். தச்சர் அதைக் கவனிக்காமல் நேராக இழைத்துவிடுவார். அட்டையில் வளைவை வரைந்து கையில் கொடுத்துவிடுங்கள். அந்த எழும்பல் போனால் கூரை மேல் தண்ணீர் தேங்கும்.

துணி ஏற்றுவதை மரம் முடிந்த பிறகு எழுதுகிறேன். முதலில் பிரித்துப் பாருங்கள்.

அம்பி_மார்க்2

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் அம்பாசடருக்கு எண்பதுகளில் அப்பா வினைல் டாப் ஒட்டினார். இப்போது ஓரங்களில் கொப்புளம். அதற்கும் இதே முறையா?

பழசு_பிரியன் (சென்னை)

இல்லை. உங்களுடையது இரும்புக் கூரை மேல் அழகுக்காக ஒட்டிய வினைல். கொப்புளத்தின் கீழே இருப்பது துரு. வினைலை உரித்து, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். அந்த பேஷன் போய் ரொம்ப நாளாயிற்று. மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே குழம்பிவிடும்.

செட்டிநாட்டு_ஃபோர்டு (காரைக்குடி)

பிரித்தாயிற்று. தாரை உரிக்கவே பாதி உயிர் போயிற்று. வெயில் ஏறினால் இளகிக் கையில் ஒட்டுகிறது, காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது தட்டினால் சில்லுச் சில்லாக வருகிறது. இனி யாராவது செய்தால் விடியற்காலையில் செய்யுங்கள்.

உள்ளே கண்டது: வெளித்துணி, அதன் கீழ் கறுத்துப்போன பஞ்சு, பஞ்சில் எலி கூடு கட்டிய இடம் ஒன்று, சாக்கு, கோழி வலை. வலை நடுவில் நன்றாக இருக்கிறது, ஓரங்களில் தொட்டால் உதிர்கிறது. குறுக்குச் சட்டங்களில் இரண்டு போய்விட்டன. இடப்பக்க ஓரச் சட்டம் பின் மூலையில் முழங்கை நீளத்துக்கு உளுத்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் துணி கிழிந்திருந்த இடத்துக்குக் கீழே மரம் பரவாயில்லை. துணி நன்றாக இருந்த ஓரத்தில்தான் மரம் போயிருக்கிறது.

எந்த மரம் போடலாம்? இங்கே பழைய தேக்கு கிடைக்கும். அதுவே போதுமா?

யாழ்_ஒஸ்ரின் (யாழ்ப்பாணம்)

வணக்கம் தம்பி. என்னட்டை இருப்பது ஒஸ்ரின் (ஆஸ்டின்) செவன், முப்பதுகளின் தொடக்கத்துச் சலூன். அதற்கும் இதே துணிக் கூரைதான். எங்கட கடற்கரைக் காற்றில் ஆணியும் வலையும் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓரம் உளுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கூரை வளைவு, நடுவில் விழுந்த தண்ணி நடுவில் நிற்காது. கிழிசலால் உள்ளே போன தண்ணியைப் பஞ்சு குடிக்கும், குடித்ததைச் சரிவோடு ஓரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே ஆணி, பட்டி, இரும்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டிருப்பதால் வெளியேற வழியில்லை. மாதக் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நடுவில் இருக்கிற மரம் அடுத்த வெயிலுக்குக் காய்ந்துவிடும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுகிற ஆட்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

மரத்துக்கு வருவோம். தேக்கு உளுக்காது, நல்லது. ஆனால் எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், மரப்பசை அவ்வளவாக ஒட்டாது. மூட்டுகளைப் பசையை நம்பிச் செய்யாமல் திருகாணி போட்டு இறுக்குங்கள். ஒட்டத்தான் வேண்டும் என்றால் ஒட்டுமுன் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். கருவேலம் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள், வண்டிச் சக்கரத்துக்கு ஆகும், இதற்கு வேண்டாம். காய்ந்த கருவேலத்தில் சின்ன ஆணி இறங்காது, வளையும். என்னுடையதற்குப் பூவரசு போட்டேன். இங்கே வேலி நீளத்துக்கு நிற்கிற மரம், விளைந்த வைரமாகப் பார்த்து எடுத்தால் ஆணியை நன்றாகப் பிடிக்கும், வெடிக்காது. ஆனால் காய்ந்த மரமாக இருக்க வேணும். பச்சையாக இழைத்துப் பூட்டினால் அது முறுகி உங்கள் கதவைத் தூக்கும்.

இரும்பு விளிம்பின் உள்பக்கத்தையும் பாருங்கள். கறல் (துரு) பிடித்திருந்தால் மரம் வைக்கிறதுக்கு முதல் சுரண்டிப் பிரைமர் அடியுங்கள். பிறகு கை போகாது. மரத்தின் எல்லாப் பக்கத்துக்கும், வெட்டு முகத்துக்கும் சேர்த்து, கறையான் மருந்தும் வார்னிஷும்.

செட்டிநாட்டு_ஃபோர்டு (காரைக்குடி)

நன்றி அண்ணா. குறுக்குச் சட்டங்களுக்கும் ஓரச் சட்டத்துக்கும் பூவரசே கிடைத்தது, ஒரு பழைய மாட்டு வண்டியிலிருந்து. அதைவிடக் காய்ந்த மரம் வேறு எங்கே தேடுவது. தச்சர் வளைவு அட்டையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமா" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் அட்டையை வைத்துத்தான் இழைத்தார்.

அடுத்த சந்தேகம் பஞ்சு. பழையபடி பஞ்சா, ஸ்பாஞ்சா?

பழசு_பிரியன் (சென்னை)

பஞ்சுதான். வேறு எதை வைத்தாலும் அந்த மென்மையான எழும்பல் வராது. ஸ்பாஞ்ச் வைத்த கூரையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், சோபா உட்கார்ந்திருப்பது தெரியும்.

குஷன்கடை_உக்கடம் (கோவை)

ஸ்பாஞ்ச் வேண்டாம் என்பதில் நானும் ஐயா பக்கம்தான். சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நம் வெயிலில் மஞ்சள் பொடியாக உதிரும். ஆனால் பஞ்சு வேண்டுமா என்பதில் மாறுபடுகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதைப் பாருங்கள், ஓரத்து மரத்தைக் கெடுத்ததே பஞ்சு குடித்த தண்ணீர்தான். பாலியெஸ்டர் வேடிங் என்று ரோலாக விற்கிறது, ரஜாய்க்குள் வைப்பார்களே அது. இழைக்குள் தண்ணீர் ஏறாது, நனைந்தாலும் வடிந்து காய்ந்துவிடும், எலிக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. மெல்லியதாக ஒரு அடுக்கு. துணி மூடிய பிறகு எந்த நிபுணர் வந்து கண்டுபிடிக்கப் போகிறார்?

பழசு_பிரியன் (சென்னை)

மூடிய பிறகு தெரியாது என்பது எல்லாத் தப்புக்கும் சொல்லலாம். துணி ஓட்டையானால்தான் பஞ்சு நனையும். ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது வண்டிக்காரர் பொறுப்பு. 1930-இல் பஞ்சுதான் வைத்தார்கள்.

குஷன்கடை_உக்கடம் (கோவை)

1930-இல் பஞ்சு வைத்தவர்கள் வண்டி இத்தனை வருடம் நிற்கும் என்று நினைத்து வைக்கவில்லை ஐயா. அன்றைக்குக் கூரைக்கு அடிக்கடி மேல்பூச்சு அடித்தே ஓட்டினார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போனதால்தானே யாரோ தார் பூசியிருக்கிறார்.

வின்சர்வாசி (கனடா)

இந்தச் சண்டை இங்கேயும் உண்டு, முடிவே கிடையாது. என் ஓட்டு பாலியெஸ்டருக்கு, ஆனால் காடா துணியை விட்டுவிடாதீர்கள். வலைக்கும் வேடிங்குக்கும் நடுவில் காடாவை இழுத்துக் கட்டினால் வலையின் கண்கள் மேலே பதியாது. வலை முனைகள் ஒவ்வொன்றையும் கீழ்நோக்கி மடக்குங்கள். மேல்நோக்கி நிற்கும் ஒரு கம்பி முனை போதும், போக்குவரத்து அதிர்வில் உரசி உரசித் துணியை உள்ளிருந்தே துளைத்துவிடும்.

வலையைப் பற்றி ஒரு உபரித் தகவல். முப்பதுகளில் காருக்குள் ரேடியோ வந்தபோது இந்தக் கோழி வலையைத்தான் ஏரியலாகப் பயன்படுத்தினார்கள். முழு இரும்புக் கூரை வந்ததும் அந்த வசதி போய்விட்டது. ஏரியலைக் கால்மிதிப் பலகைக்குக் கீழே கொண்டுபோனார்கள். திருச்சிக்காரருக்கு இது துணிக் கூரையின் கூடுதல் நன்மையாக இருக்கட்டும்.

திருச்சி_டீசல்

சரி சரி, நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் துணி எது என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. சீட் ரெக்ஸின் ஏன் கூடாது?

குஷன்கடை_உக்கடம் (கோவை)

சீட் ரெக்ஸினைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பனியன் துணியாக இருக்கும். சீட்டின் வளைவுக்கு இழுபட வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். அதையே கூரையில் போட்டால் சித்திரை வெயிலில் தளர்ந்து தொங்கும், தொங்கிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். மேலும் சூட்டில் அதன் இளக்கம் போய் விறைத்து வெடிக்கும். நமக்கு வேண்டியது பின்பக்கம் நெய்த துணி வைத்த, வெயில் தாங்கும் ரகம். கடையில் ஜீப் ஹூட்டுக்கு என்று கேளுங்கள். ஒரு முனையைப் பிடித்து இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள்: ரப்பராக நீண்டால் வேண்டாம். நீளவாக்கில் ஓடும் சுருக்கம் போட்ட மேற்பரப்பு கிடைத்தால் பார்வைக்குப் பழைய கூரைத் துணிக்கு நெருக்கமாக இருக்கும்.

ரெக்ஸின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். பழைய துணியை விரித்து, ஓரத்தில் பிடித்து இழுக்க நாலு விரல் கூடுதலாக விட்டு அளந்து பாருங்கள். அகலம் போதாது என்று நடுவில் தையல் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தையல் என்பது வரிசையாகப் போட்ட ஓட்டை.

இனி ஏற்றும் முறை. துணியை முதலில் வெயிலில் விரித்து வையுங்கள், கையில் பிடித்தால் சூடு தெரிய வேண்டும். சூட்டில் இழுத்து அடித்த துணி ஆறினால் இறுகும். குளிர்ந்த நேரத்தில் அடித்தது வெயிலில் தொங்கும். அதே காரணத்துக்காக மழை மாதத்தில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். துணியின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் சாக்பீஸால் குறியுங்கள், கூரையின் நடுக்கோட்டையும் குறியுங்கள். இரண்டும் பொருந்த வேண்டும்.

விளிம்பில் துணி உட்காரும் இடத்தில் பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் நாடா) ஒரு கோடு ஒட்டுங்கள். சிலிக்கான் வேண்டாம், அதிலும் புளித்த வாடை அடிக்கும் ரகம் இரும்பை அரிக்கும். பின்பக்க நடுவில் முதல் ஆணி, பாதி மட்டும் அடித்து விடுங்கள். முன்பக்கம் போய் இழுத்து நடுவில் ஒன்று. பிறகு இடது நடு, வலது நடு. இப்படி நாலு நடுவும் பிடித்த பிறகு ஒவ்வொரு நடுவிலிருந்தும் மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறிப் போக வேண்டும். இழுப்பது எப்போதும் நெசவு ஓடும் திசையில். மூலைவாட்டில் இழுத்தால் அந்த நேரம் சுருக்கம் மறையும், மறுநாள் வேறு இடத்தில் கிளம்பும். மூலைகள் கடைசி.

எல்லா ஆணியும் பாதியில் நிற்கும்போது நிறுத்துங்கள். ஒரு இரவு விட்டு மறுநாள் வெயிலில் பாருங்கள். தளர்ந்த இடத்தில் அந்த ஆணிகளை மட்டும் கழற்றி மறுபடி இழுத்து அடிக்கலாம். எல்லாம் ஒப்பியதும் முழுசாக அடியுங்கள். எங்கள் பட்டறையில் மூத்தவர் ஒருவர் இந்த வேலைக்கு உட்கார்ந்தால் ஒரு கை ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒன்றைத் திருப்பித் தலை வெளியே வரும்படி உதட்டில் நிறுத்துவார், காந்தச் சுத்தி வந்து அதை வாங்கும், தட்டும், மறுபடி உதட்டுக்கு வரும். ஒரு கை துணியை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும், அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது. இன்றைக்கு ஸ்டேப்ளர் வந்துவிட்டது. ஸ்டேப்ளர் அடிப்பதாக இருந்தால் துருப்பிடிக்காத பின்னாக வாங்குங்கள். ஆணியை வாயில் போடச் சொல்லவில்லை.

செட்டிநாட்டு_ஃபோர்டு (காரைக்குடி)

பிரமாதம். கூரைக்குள் போகும் உள்விளக்கு ஒயர் பழைய துணி சுற்றிய ரகம். அதை இப்போதே மாற்றிவிடட்டுமா?

வின்சர்வாசி (கனடா)

மாற்றாமல் மூடாதீர்கள். புது ஒயரை ஒரு குழாய்க்குள் விட்டு, வலையைத் தொடாமல் சட்டத்தோடு கட்டுங்கள். வலையில் உரசி ஒயர் தோல் கிழிந்தால் கூரை முழுக்க மின்சாரம். வெளித்துணி முடிந்த பிறகு உள்துணியைத் தொடுங்கள், முன்னால் அல்ல. கசிவு இருந்தால் உள்ளிருந்து கண்ணால் பார்க்க முடிவது அந்த இடைவெளியில் மட்டும்தான்.

ஆணியை மறைக்க 'ஹைடெம்' என்ற பட்டி அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. நடுவில் பிளவு, பிளவுக்குள் ஆணி அடித்து, மேலே ரப்பர் சுத்தியால் தட்டினால் வாய் மூடிக்கொள்ளும். இரண்டு முனைக்கும் சின்ன உலோக மூடி உண்டு. மீட்டர் கணக்கில் கொரியரில் வாங்கலாம். முழுக் கூரை செட்டாக வரவழைத்தால் சுங்கவரியில் கை சுடும்.

யாழ்_ஒஸ்ரின் (யாழ்ப்பாணம்)

பட்டியின் இணைப்பை முன்பக்கம் வைக்காதீர்கள். ஓடும்போது காற்றோடு மழை அங்கேதான் முட்டும். பின்பக்கம் வையுங்கள், அங்கே அது போதும்.

செட்டிநாட்டு_ஃபோர்டு (காரைக்குடி)

முடிந்தது. பாலியெஸ்டர்தான் வைத்தேன், சென்னை ஐயா மன்னிக்க வேண்டும். ஜீப் ஹூட் ரெக்ஸின், மதுரையில் கிடைத்தது. பின் மூலைகளில் மடிப்பு கொஞ்சம் தடிப்பாக வந்துவிட்டது. ஒரே பெரிய மடிப்பாக மடிக்காமல் சின்னச் சின்னதாகப் பிரித்து அடித்ததும் பட்டி சரியாக உட்கார்ந்தது. உக்கடத்து அண்ணன் சொன்னபடி ஒரு இரவு பாதி ஆணியோடு விட்டதில் இடப்பக்கம் லேசாகத் தளர்ந்தது, மறுநாள் இழுத்துவிட்டோம்.

நேற்று மாலை ஹோஸ் வைத்துக் கூரை மேல் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். உள்துணி இன்னும் போடவில்லை. நடுவில், பக்கங்களில், பின்னால் ஒரு சொட்டு இல்லை. ஆனால் முன்னால் ஓட்டுநர் முழங்காலில் சொட்டுகிறது. முன் ஓரத்துப் பட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

குஷன்கடை_உக்கடம் (கோவை)

பட்டியைத் தொடாதீர்கள் அண்ணா. ஹோஸைக் கூரையின் முன் ஓரத்தில் மட்டும் பிடித்து, கண்ணாடி மேல் படாமல் பாருங்கள். அப்புறம் கண்ணாடியில் மட்டும் அடித்துப் பாருங்கள்.

செட்டிநாட்டு_ஃபோர்டு (காரைக்குடி)

கூரை ஓரத்தில் மட்டும் விட்டால் சொட்டவில்லை. கண்ணாடியில் அடித்தால் உடனே வருகிறது.

வின்சர்வாசி (கனடா)

அப்படியானால் கூரை வேலை முடிந்தது. மாடல் ஏயின் முன் கண்ணாடி மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் திறப்பது. அந்தக் கீலிலும் சுற்றியுள்ள ரப்பரிலும்தான் தண்ணீர் இறங்குகிறது. உள்துணியைத் தைரியமாகப் போடுங்கள். கண்ணாடி ரப்பருக்குத் தனி இழை தொடங்குங்கள், என்னிடம் அளவு இருக்கிறது, அங்கே எழுதுகிறேன்.